மையில் உறையும் மழைத் தெய்வம்

கருமை ஒன்றையே கொண்ட ஓவியம் வறியது. வண்ணம் சேர்ந்தால்தான் அது நிறைவெய்தும் என எண்ணுவோர் பலர். ஜப்பானிய மையோவியங்களை முடிவுபெறாத வரைவுகள் என ஒதுக்குவாரும் உளர். இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்க்கக் கியோத்தோ நகரின் கென்னின்ஜி ஆலயம் நல்லதொரு வாய்ப்பைத் தருகிறது. இயற்கைத் தெய்வங்களைக் காட்டும் இரு பேரோவியங்கள் அவ்வாலயத்திற்கு உரியன.

ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் தவராயா சோதாட்சு தீட்டிய காற்றுத் தெய்வமும் இடித் தெய்வமும். தங்க ரேக்கு ஒட்டிய இரு மடிப்புத் திரைகளில், பச்சை மேனியுடைய காற்றுத் தெய்வம் காற்றுப் பையை ஏந்தி விரைகிறது. வெண்மேனி இடித் தெய்வத்தை முரசுகள் வளையமாய்ச் சூழ்கின்றன. அழகிய ஓவியமே. எனினும், இங்குத் தெய்வம் வேறு, காற்று வேறு. காற்றை ஏவும் உருவத்தைக் காண்கிறோமேயன்றிக் காற்றை உணர்கிறோமில்லை.

மற்றொன்று, 1599இல் ஆலய மண்டபத்தின் நகர்கதவுகளுக்காகக் கைஹோ யூஷோ வரைந்த இரு கடல்நாகங்கள். கடல்நாகம் அந்நாட்டில் நீருக்கும் மழைக்கும் உரிய தெய்வம். புகைக்கரியும் விலங்குப் பசையும் கலந்து இறுகச் செய்த மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு இழைத்தே ஓவியர் இதனைத் தீட்டினார். நீர் மிகுந்த இடத்தில் மை மெலிந்து மூடுபனியாகிறது. குறைந்த இடத்தில் திரண்டு கார்முகிலாகிறது. முகம் தோன்ற, உடல் மேகத்துள் மறைகிறது. மேகம் எங்கே முடிந்தது, நாகம் எங்கே தொடங்கியது எனப் பிரித்துரைக்க இயலாது. நம் முன்னோர் மொழியில் கூறின், இது அருவுருவம். மழைத் தெய்வத்தை ஓவியர் நீரைக் கொண்டே படைத்தார் என்பதே இதன் தனிச்சிறப்பு. வண்ணம் இங்கே கூட்டப்பெறின் இவ்வொருமை குலைந்துவிடும்.

சோதாட்சுவும் இதனை அறிந்திருந்தார் போலும்! தம் தெய்வங்களின் காலடியில் மேகம் படைக்க நேர்ந்தபோது, மையின் கசிவையே அவர் நாடினார்.

யூஷோவின் ஓவியத்திலும் குறையில்லாமல் இல்லை. கண்களையும் நகங்களையும் அழுத்திக் காட்டிய கோடுகள் நம்மை அச்சுறுத்த முயல்கின்றன. மேகமே அவ்வச்சத்தைத் தந்திருக்குமன்றோ?

1934இல் வீசிய பெரும்புயலில் அம்மண்டபம் இடிந்து வீழ்ந்தது; பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. ஓவியங்கள் அழியவில்லை. கதவுகளில் தொடர்ந்தோடிய நாகங்கள் இன்று எட்டுத் தொங்கு சுருள்களாகப் பிரிந்துள்ளன. மண்டபக் கதவுகளை அவற்றின் படிகளே அணி செய்கின்றன. மூலத்தின் மையைப் படி தாராது. ஆயினும், இடையறாது ஓடிய மேகத்தின் வீச்சை அக்கதவுகளின்முன் நின்றே அறியலாம். மையோவியத்தை வறியது என்பார் அங்குச் சற்று நேரம் நின்று பார்த்தல் நன்று.