அஸ்ஹரின் தூணோரம்: ‘அல்-அய்யாம்’ நூலில் ஒரு தந்தையின் ஆசை

பெற்றோர் வகுத்த வழியை விடுத்துத் தன் துறையைத் தானே தேர்ந்துகொண்ட மைந்தர்களின் வரலாறுகள் எல்லா மொழிகளிலும் உள்ளன. அவற்றுட் பல ஒருதலை வழக்குகளாகவே முடிந்துவிடுகின்றன. மைந்தன் வாதி, தந்தை பிரதிவாதி; தீர்ப்போ முதற்பக்கத்திற்கு முன்பே எழுதப்பட்டாயிற்று. எகிப்தியப் பேரறிஞர் தாஹா ஹுஸைன் (1889–1973) இயற்றிய ‘அல்-அய்யாம்’ என்னும் தன்வரலாற்றையும் அவ்வரிசையிலேயே வைத்துப் பேசுவார் பலர். அஸ்ஹரை உதறிப் பாரிஸுக்கு ஏகிய கலகக்காரரின் வெற்றி முரசு என்று ஒரு சாரார் புகழ்கின்றனர். அதே காரணம் பற்றி மற்றொரு சாரார் இகழ்கின்றனர். இரு சாராரும் நூலை முற்றப் படித்தனரோ என்னும் ஐயம் நமக்குண்டு. நாம் பயின்ற ‘அல்-அய்யாம்’ வேறு. அதில் தந்தை தோற்கவும் இல்லை, மைந்தர் வெல்லவும் இல்லை.

நூலின் முதற்பாகம் 1926–27ஆம் ஆண்டுகளில் ‘அல்-ஹிலால்’ இதழில் தொடராக வெளிவந்து, 1929இல் நூலுருப் பெற்றது. மேலை எகிப்தில் மகாகா என்னும் ஊரை அடுத்த ஒரு சிற்றூர் அதன் களம். தந்தை சர்க்கரைக் கம்பெனியில் சிறு ஊழியர். அவர் மக்கள் பதின்மூவருள் ஏழாமவர் நம் ஆசிரியர். குழந்தைப் பருவத்திலேயே கண் நோயுற்று, முறையான மருத்துவமின்றிப் பார்வையை இழந்தார். அந்நாளில் அவ்வூரில் பார்வையற்ற சிறுவனுக்குத் திறந்திருந்த வாயில் ஒன்றே: திருக்குர்ஆனை மனனம் செய்தல். அது நன்கு வாய்த்தால் அஸ்ஹர். வாய்க்காவிடில் மய்யித்து வீடுகளில் ஓதிப் பிழைக்கும் வாழ்வு.

நூலில் தந்தையின் சொல்லால் மைந்தரின் உள்ளம் புண்படும் இடங்கள் பல. அவற்றுள் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஒன்பது வயது நிரம்புமுன்பே குர்ஆனை முடித்த சிறுவரை வீட்டார் ‘ஷைகு’ என்றே அழைக்கத் தொடங்குகின்றனர். பட்டத்துக்கேற்பத் தலைப்பாகையும் ஜுப்பாவும் வராதது அவருக்குப் பெருங்குறை. ஒருநாள் தந்தை, விருந்தினர் முன்னிலையில், ஸூரத்துஷ் ஷுஅராவை ஓதப் பணிக்கிறார். தொடக்க எழுத்துகளுக்கு அப்பால் நா எழவில்லை. ஸூரத்துந் நம்ல், பின்னர் ஸூரத்துல் கஸஸ் எனத் தந்தை மாற்றி மாற்றிக் கேட்கிறார். மூன்றும் ஒத்த எழுத்துகளால் தொடங்குவன. மூன்றிலும் அதே தடை. தந்தை அடிக்கவில்லை, இரையவும் இல்லை. குர்ஆன் மனனமாயிருக்கும் என நம்பியிருந்ததாக மட்டும் சொல்லி எழுந்து போகச் செய்கிறார். பல்லாண்டுகளாக ஓதிக் கொடுத்துவரும் நாம் அறிந்தவரையில், பிரம்பினும் அச்சொல்லே நெடுநாள் வலிக்கும். அதனை ஆசிரியர் பழிச்சொல்லாக எழுதாமல் நிகழ்ச்சியாக எழுதுகிறார். நூல் நெடுகத் தம்மை ‘நான்’ என்னாது ‘சிறுவன்’ என்றும் ‘நம் நண்பர்’ என்றும் படர்க்கையில் வைத்தது இதற்குப் பெரிதும் துணை செய்கிறது. படர்க்கையில் நிற்பவருக்குத் தம் காயத்தைக் காட்டி வழக்காட இடமில்லை.

ஆனால் ஓதிக் கொடுத்த ஆசானிடம் இந்த நடுநிலை தவறுகிறது. ‘ஸையிதுனா’ எனக் குறிக்கப்பெறும் அந்த மக்தப் ஆசிரியரின் பேராசையும் பொய்யும் நகைப்புக்குரியனவே. எனினும், அவரிடம் பயின்ற நாவினாலன்றோ பின்னாளில் அத்தகைய அரபு நடை பிறந்தது? தந்தைக்குக் கிடைத்த நீதியில் கால் பங்கேனும் அந்த ஏழை உஸ்தாதுக்குக் கிடைத்திருக்கலாம்.

இனி, தந்தையின் ஆசைக்கு வருவோம். வீட்டில் ஒரு மைந்தர், பதினெட்டு வயதினர், மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்றிருந்தார். 1902இல் காலரா பரவியபோது ஊர் மருத்துவருடன் சென்று நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அந்நோய் அவரையும் பற்ற, ஆகஸ்டு 21ஆம் நாள் மாண்டார். அந்த மரணத்தை விவரிக்கும் அத்தியாயத்தைக் கண்ணீரின்றிக் கடப்பது அரிது. அதே ஆண்டில்தான் பார்வையற்ற மைந்தரைக் காஹிராவுக்கு அனுப்பத் தந்தை துணிகிறார். மூத்தவன் ஒருவன் காழியாக அமர்வதையும், இவன் அஸ்ஹரின் தூணொன்றில் சாய்ந்திருக்க மாணவர் வட்டமாய்ச் சூழ்ந்து பாடம் கேட்பதையும் கண்ணால் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொண்ட ஆசை. குடும்பத்தின் எதிர்பார்ப்பு என்று நாம் எளிதாய்ப் பேசிவிடுகிறோம். ஒரு மையித்தை அடக்கிவிட்டு வந்த வீட்டில் அச்சொல்லின் எடை எவ்வளவு என்பதை, விளக்கவுரை ஏதுமின்றி, இரு அத்தியாயங்களை அடுத்தடுத்து வைத்தே ஆசிரியர் உணர்த்திவிடுகிறார்.

இரண்டாம் பாகம் காஹிராவில் நிகழ்வது. அஸ்ஹரில் சேரும் தேர்வன்று ‘குருடனே’ என விளித்து ஓதச் சொன்ன தேர்வாளரின் குரலும், தமையன் நண்பர்களிடம் சென்றபின் இருளறையில் தனித்திருந்த மாலைகளும் இப்பாகத்தின் உயிர். விடுமுறையில் ஊர் திரும்பும் மைந்தர், தலாயிலுல் கைராத் ஓதுவதையும் அவ்லியாக்களின் தர்காக்களை நாடுவதையும் குறைகூறித் தந்தையையே எதிர்க்கிறார். (அக்கருத்தில் யார் பக்கம் நியாயம் என்பது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று, நம் ஊர்களில் அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை.) தந்தையின் மறுமொழி கடுமையானது: இனியும் இப்படிப் பேசினால் அஸ்ஹரை நிறுத்தி, வீடுவீடாய் ஓதிப் பிழைக்கும் ஊர் ஓதுவானாக ஆக்கிவிடுவேன் என்கிறார். ஆயினும் அதே தந்தை, ஊரார் கூடும் மஜ்லிஸில் தம் மகன் வாதிட்டுப் பிறரைத் திணறடிப்பதைக் கேட்டு உள்ளூர மகிழ்கிறார். சினமும் பெருமிதமும் ஒரே நெஞ்சில் உறைவதை இத்துணை நேர்மையாய் எழுதிய மைந்தர் வேறெவரையும் நாம் படித்ததில்லை.

துறை மாறியதும் ஒரே நாளில் நேர்ந்ததன்று. அஸ்ஹருக்குள்ளேயே ஷைகு அல்-மர்ஸஃபி இலக்கியம் போதித்தார். முபர்ரதின் ‘அல்-காமில்’ அவர் பாடநூல். அவ்வட்டத்தில் பிறந்த சுவையே 1908இல் திறக்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்துக்கு இவரை ஈர்த்தது. தந்தை எதிர்பார்த்த ஆலிமிய்யாப் பட்டம் கிட்டவில்லை. 1914இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டம் கிட்டியது. ஆராய்ச்சிப் பொருள் அபுல் அலா அல்-மஅர்ரி, அவரும் பார்வையற்ற கவிஞர். பின்னர் பிரான்சு சென்று, 1918இல் இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வால் ஸோர்போனிலும் பட்டம் பெற்றார். நுணுகி நோக்கின், இவர் தேர்ந்த புதுத்துறையின் கருவிகள் அனைத்தும் பழந்துறை தந்தவை. மனனப் பயிற்சி ஓதும் பள்ளியினது. இப்னு மாலிகின் அல்ஃபிய்யா அஸ்ஹருக்காகத் தந்தை மனனம் செய்வித்தது. மஅர்ரியின்பால் கொண்ட ஈடுபாட்டுக்கும் வித்து வீட்டிலேயே கிடக்கிறது. சிறுவயதில் ஒருநாள் இரு கையாலும் கவளம் எடுத்தமைக்குத் தமையன்மார் நகைக்க, தாய் அழ, தந்தை தணிந்த துயரக் குரலில் திருத்தினார். அன்று முதல் பல உணவுகளை இவர் தமக்குத்தாமே விலக்கிக்கொண்டார். மஅர்ரியும் பாகு உண்ணுகையில் ஆடையில் சிந்தியது கண்டு பிறர் கேட்டதனால் அதனையே துறந்தவர்; இதனை இவரே எடுத்துக்காட்டுகிறார்.

மூன்றாம் பாகம் நெடுங்காலம் கழித்து, 1967இல், பெய்ரூத்தில் நூலாயிற்று. செய்தி மிகுதி, சுவை குறைவு. பேராசிரியர்களும் தேர்வுகளும் கப்பற் பயணங்களும் வரிசையாய் வருகின்றன. தந்தையோ பின்னணியில் மங்கிவிடுகிறார். தாம் கண்ட கனவு வேறுருவில் பலித்தபோது அந்த முதியவரின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய வாசகர் ஏங்கும் இடத்தில் ஆசிரியர் வாய் திறவாதது இந்நூலின் பெருங்குறை என்பது எம் துணிபு. 1950இல் இவர் எகிப்தின் கல்வி அமைச்சரானதை உலகமே அறியும். அது நமக்கு வேண்டிய விடையன்று.

அவ்விடையின் சாயல் முதற்பாகத்தின் இறுதியில் உள்ளது. ஆசிரியர் அங்கே ஒன்பது வயதுடைய தம் மகளை நோக்கிப் பேசுகிறார். இவர் கூறிய பழங்கதையில், கண்ணிழந்த அரசனை அவன் மகள் கைப்பிடித்து நடத்திச் செல்லும் கட்டம் வந்ததும் அவள் அழுதுவிடுகிறாள். தந்தையை எண்ணியே அழுதாள் என இவர் உணர்கிறார். பின், அஸ்ஹர் நாட்களில் ரொட்டியும் கரும்புப் பாகுமன்றி வேறு உணவறியாது மாதக்கணக்கில் கழித்ததை அவளுக்குச் சொல்கிறார். அந்நாளில் விடுமுறைக்கு ஊர் சென்று பெற்றோரிடம் அமர்ந்தால், நல்லுணவும் நல்வாழ்வும் வாய்த்திருப்பதாகப் பொய்க்கதைகள் புனைந்துரைப்பாராம். பொய்யில் இன்பம் கண்டதனால் அன்று. அவ்விரு முதியோரும் வருந்தலாகாதே என்று. இருந்த சிறிது பாலையும் தமையன் தனித்தருந்தினான் என்பதும் அவர்கள் செவிக்கு எட்டலாகாதே என்று.