பாசிச் சாறும் தேயிலைக் கொழுந்தும்: ஆய்வு நிலையங்களின் கூட்டுழைப்பு குறித்து

கடல்வாழ் உயிர்களிலிருந்து மருந்து, உணவு, பசளை முதலியவற்றை உருவாக்கும் கடல்சார் உயிரித்தொழில்நுட்பம், இலங்கையின் பதுளை மாவட்டத்தில் நமுனுகுல மலைச்சரிவிலுள்ள ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் தொலைவான துறையாகத் தோன்றலாம். எனினும் பயிர்களுக்குத் தெளிக்கப்படும் கடற்பாசிச் சாறு அத்துறையின் விளைபொருளே என்பதால், அதனை ஆராயும் நிலையங்கள் தமக்குள் எவ்வாறு கூடி உழைக்கின்றன என்பது தேயிலை மலைக்கும் உரிய கேள்வியாகிறது.

இக்கூட்டுழைப்பின் விரிவான முயற்சிகளுள் ஒன்று, 2015 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த எம்ப்ரிக் திட்டமாகும். கடலோர ஆய்வு நிலையங்கள், நுண்ணுயிர் வளர்ப்புத் தொகுப்புகள், வேதிச் சேர்மங்களின் செயற்றிறனைச் சோதிக்கும் கூடங்கள், உயிரியல் தரவுக் களஞ்சியங்கள் ஆகியவற்றை இணைத்த இத்திட்டத்தின் நோக்கம், ஓரிடத்தில் சேகரித்த பாசியை வேறோரிடத்தில் பேணி மூன்றாம் இடத்தில் சோதிக்கும் வழியைச் செப்பனிடுவதாகும். தனியொரு நிலையம் வாங்கவியலாத கருவிகளைப் பலரும் பயன்படுத்தலாம் என்பது இதன் வெளிப்படையான நன்மை. மாதிரி எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்ற பதிவு மாதிரியோடு சேர்ந்தே பயணிப்பது அதனினும் பெரிய நன்மை. ஆயினும் திட்ட நிதிக்குக் காலவரையறை உண்டு. வளர்ப்புத் தொகுப்பிலுள்ள உயிரைச் சாகவிடாமல் பேணும் வேலைக்கு அந்த வரையறை இல்லை. இக்கூட்டுழைப்பின் முதற்குறை இந்த முரணிலேயே உள்ளது.

கருவிகளைப் பகிர்வதைவிட முடிவுகளை ஒருவருக்கொருவர் ஏற்பதே கடினமானது என்பதை இலங்கை அதிக விலை கொடுத்து அறிந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர், கடற்பாசிப் பசளைக்குப் பெயர்பெற்ற சீன நிறுவனமொன்றிடம் சேதனப் பசளை வாங்க முடிவாயிற்று. மாதிரிகளில் தீங்கு செய்யும் பற்றீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கூற, சோதனை முறையே பிழையென்று மறுதரப்பு வாதிட, ஏறத்தாழ 20,000 தொன் பசளையோடு வந்த கப்பல் கரைசேராமல் அலைந்தது. முடிவில் 67 இலட்சம் டொலர் செலுத்தி நாடு வழக்கைத் தவிர்த்துக்கொண்டது. இரு நாட்டு ஆய்வுகூடங்களும் பொதுவான சோதனை நெறியொன்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், பூசல் இந்த அளவுக்கு முற்றியிருக்காது. பசளை குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்தின் நிறை குறைந்தால் தொழிலாளியின் பேர், அதாவது ஒருநாட் சம்பளப் பதிவு, அரைப்பேராகும். ஆய்வுகூடங்களின் பிணக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை எட்டும் வழி இத்தனை குறுகியது.

இரண்டாவது குறை, பயன்படுத்தும், விளைவைத் தாங்கும் பக்கத்தைக் கூட்டுக்கு வெளியே நிறுத்துவது. மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் செம்பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளைப் போர்த்தி வளர்வதாக 2008இல் ஆய்வாளர் தெரிவித்தபோது, வளர்ப்பு ஆய்வும் பவள ஆய்வும் தனித்தனி வழியில் போய்க்கொண்டிருந்தமை தெளிவாயிற்று. கடலில் பவளத்துக்கு நேர்ந்ததே மலையில் தேயிலைக்கும் நேரலாம்.

கப்பாபைகஸ் முதலிய பாசிகளின் சாறு, வறட்சி போன்ற நெருக்கடிகளைச் செடி தாங்க உதவுவதாகச் சொல்லியே விற்கப்படுகிறது. ஸ்பிரிங்வெளி அமைந்த ஊவாப் பகுதித் தேயிலையின் பெயரோ ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றால் செடி படும் நெருக்கடியில் பிறக்கும் மணத்தைச் சார்ந்தது. மெதைல் சலிசிலேற் என்னும் சேர்மம் அம்மணத்தில் முக்கியமானது. செடியின் நெருக்கடியைத் தணிக்கும் சாறு, கொழுந்தைக் கூட்டி மணத்தைக் குறைத்துவிடுமா? தமிழ்நாட்டின் மண்டபத்திலோ ஐரோப்பியக் கரைகளிலோ உள்ள கடல் நிலையங்களுக்கு இக்கேள்வி எழவே காரணமில்லை.

இதற்கு விடைகாண வேண்டிய நிறுவனங்கள் பதுளை மாவட்டத்திலேயே உள்ளன. நீர்வளத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடத்தும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளை–பசறை வீதியிலும், 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பிராந்திய நிலையம் பசறையிலும் இயங்குகின்றன. கடலோரத்தில் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா இருக்கிறது. வடக்கே வலைப்பாட்டுக் கரையில் கப்பாபைகஸ் வளர்கிறது. பசறையில் காற்றுக்காலத்திலும் மழைக்காலத்திலும் ஒரே மலையில் சாறு தெளித்த நிரையையும் தெளிக்காத நிரையையும் தனித்தனியே பறித்து, அரைத்து, சுவைத்துப் பார்க்கும் சோதனைக்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. அதன் முடிவு பாசி வளர்ப்போரின் பதிவேட்டிலும் ஏறுவதற்கே உடன்படிக்கை வேண்டும்.