ஆளில்லாத திணை

ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் கருநீர் என்பது பொருள். இவ்வூரில் பல்லாண்டு தமிழ் கற்பித்த எனக்கு, கருநீர் எப்படியிருக்கும் என்பது புளோரிடாவில் ஒரு படச்சாலையின் பின்புறத்திலேதான் விளங்கிற்று. இதைச் சற்று நாணத்துடனேயே எழுதுகிறேன்.

மயாமி நகரிலிருந்து மேற்கே செல்லும் டாமியாமி நெடுஞ்சாலையில், ஒச்சோப்பி என்னும் சிற்றூரை அடுத்து, நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் கிளைடு புச்சர் 1993-இல் அமைத்த படச்சாலை அது. சுற்றிலும் பிக் சைப்ரசு தேசியக் காப்பகத்தின் சதுப்பு நிலம். மருமகன் காரை நிறுத்தியது முதலை பார்க்க. நான் உள்ளே சென்றது வெயிலுக்கு ஒதுங்க. சென்றவன் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

சுவரெல்லாம் பேருருவான கறுப்பு வெள்ளைப் படங்கள். எட்டுக்குப் பத்து அங்குலம், பன்னிரண்டுக்கு இருபது அங்குலம் எனப் பெரிய படச்சுருள் தகடுகளைக் கொள்ளும் பழைய பாணிப் பெட்டிகளைச் சுமந்து, இடுப்பளவு நீரில் நின்று எடுத்தவை. காலடிப் புல்லும் கடைக்கோடி மேகமும் ஒரே கூர்மையுடன் தெரிகின்றன. இது வியப்பாயினும், சில படங்களில் கண்ணுக்கு நிற்க இடமில்லை. ஒரு நாரையைக் காட்டி ஒரு கழியையே உணர்த்திவிடும் சங்கப் புலவரின் சிக்கனம் இவரிடம் இல்லை.

புச்சர் முன்னர் வண்ணப் படங்களைக் கடிகாரத்துடன் இணைத்து விற்றுப் பிழைத்தவர். 1986-இல், குடித்துவிட்டு வண்டியோட்டிய ஒருவனால் அவருடைய மகன் இறந்தான். அதன்பின் வண்ணத்தை விட்டொழித்துச் சதுப்புக்குள் புகுந்தார். இச்செய்தியை அறிந்தபின் படங்களை மீண்டும் சுற்றிப் பார்த்தேன். நன்னீர் நிலமாதலின் மருதத்தோடு சேர்க்கத் தோன்றும். ஆயின் அங்கே வயலுமில்லை, ஊடலுமில்லை. அசையாத நீரில் நிற்கும் சைப்ரசு மரங்கள் உணர்த்துவது நெய்தலுக்குரிய இரங்கலையே. திணை மயங்குதலைத் தொல்காப்பியரும் விலக்கவில்லையே!

உரிப்பொருள் இருக்கிறது. கருப்பொருள்? நாற்கவிராச நம்பி எண்ணிய பதினான்கனுள் புள், பூ, மரம், நீர் ஆகியவை குறைவின்றி உள்ளன. உயர்ந்தோர் இல்லை, அல்லோர் இல்லை. ஊரும் தொழிலும் பறையும் இல்லை. அந்நிலமோ ஆளற்றதன்று. மிக்கோசூக்கி, செமினோல் குடியினர் அங்கே வாழ்கின்றனர். 1974-இல் காப்பகத்தை நிறுவிய சட்டமே அவர்களுடைய வழிவழி உரிமையை ஏற்றுக்கொண்டது. 1928-இல் திறக்கப்பட்ட அந்த நெடுஞ்சாலை தெற்கு நோக்கிச் செல்லும் நீரோட்டத்தைத் தடுத்தது என்பதும் படங்களில் தெரியவில்லை. நான் படச்சாலையை அடைந்ததும் அச்சாலை வழியேதான். இப்படங்கள் சதுப்பைக் காக்க வேண்டுமென்ற எண்ணத்தைப் பலரிடம் எழுப்பின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மனிதர் தீண்டாத நிலம் என்று ஒன்றைக் காட்டும்போது, தீண்டி வாழ்ந்தவர்களை அழித்தெழுத நேர்கிறது. நம் மா. கிருஷ்ணனும் (1912–1996) கறுப்பு வெள்ளையில் காட்டைப் படமெடுத்தவரே. அவர் படத்தோடு நிற்காமல் எழுதவும் செய்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பின்புறம் இறங்கினேன். இலையும் பட்டையும் ஊறி, தேநீர்ச் சாயம்போல் கறுத்திருந்தது நீர். குனிந்து கையில் அள்ளினால் தெளிவாக இருந்தது.

ஊர் திரும்பியதும் சனிக்கிழமை வகுப்பில், மனப்பாடப் பட்டியலை மூடிவைக்கச் சொல்லி, ஆயர் ஈத்தாமுக்குக் கருப்பொருள் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி விரைவாக எழுதி முடித்தாள். தெய்வம்: முருகன், குவான் யின். உணவு: லக்சா. தொழில்: சந்தை வியாபாரம். பறை: சிங்க நடன மேளம். நீர் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.