பெருவிரல் அடையாளமும் 50 ஆண்டுச் சிறையும்

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு. மானிப்பாயில் வளர்ந்த எவருக்கும் இவை போர்க்காலத்தை நினைவூட்டும் பெயர்கள். இந்த நான்கு இராணுவ முகாம்கள் மீதான தாக்குதல்களுக்காக, 1993இல் மட்டக்களப்புப் பக்கத்தில் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆதாரம் ஒன்றுதான்: தடுப்பில் இருக்கும்போது அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். அவருக்குச் சிங்களம் தெரியாது. பொலிஸ் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்துச் சிங்களத்தில் தட்டச்சான தாளில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார்.

பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதலை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்தால் ஏற்கிறது. போர்க்காலத்தில் சாட்சி சொல்ல ஆட்கள் அஞ்சினார்கள், மூத்த அதிகாரி பொறுப்புடன் நடப்பார் என்பன அரச தரப்பு நியாயங்கள். முதலாவதில் உண்மை உண்டு. ஆனால் சாட்சி கிடைக்காத குறையைக் கைதியின் வாயாலேயே நிரப்பிக்கொள்ள அது அனுமதி ஆகாது.

இதைவிடக் கொடியது, வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டதென்று நிரூபிக்கும் சுமையைக் கைதியின் தலையில் வைத்தது. வெளித்தொடர்பில்லாமல் பூட்டிவைக்கப்பட்டவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்? சிங்கராசாவின் முதுகுத் தழும்புகளையும் கண் காயத்தையும் மருத்துவ அறிக்கை காட்டியது. நீதிவானிடம் அவர் முறையிடவில்லை என்பதையே மேல் நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்தது. திரும்பவும் பொலிஸ் காவலுக்கே போகவேண்டியவர் எந்தத் துணிவில் முறையிடுவார்?

மேன்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டுகளானது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை மீறப்பட்டதென முடிவுசெய்து, விடுதலையோ மறுவிசாரணையோ தேவை என்றது. 2006இல் உயர் நீதிமன்றமோ, அக்குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்பாட்டில் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி மீளாய்வை மறுத்தது. மொழி, அடி, பெருவிரல் பற்றிய கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன. என் பார்வையில், தீர்ப்பின் பெரிய பலவீனம் அதுதான்.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் இயற்றிய 56ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. இருந்தும் 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தியவர்கள் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும். புதிய சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், நீதிவான் முன் விருப்பத்தோடு கொடுக்காத ஒப்புதலுக்கு அதில் இடமிருக்கக் கூடாது.