படகுக் கச்சேரிக்கும் ஆடுகளம் உண்டு

மாலையில் ஆற்றில் உலா போகும் படகுகளில் வாசிக்கும் இசைக்குழுக்களை நாம் முறையாக அலசுவதில்லை. அரங்கில் நடக்கும் கச்சேரிக்கு விமர்சனம் வருகிறது. இசைத்தட்டுக்கு விமர்சனம் வருகிறது. சூரியன் மறையும் நேரத்தில் ஆற்றின் நடுவே இரண்டு மணி நேரம் வாசிப்பவர்களைப் பற்றி மட்டும் "பின்னணிக்கு நன்றாக இருந்தது" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் அப்படிச் செய்வதில்லை. பந்து திரும்பும் சேப்பாக்கத்தில் எடுத்த 40 ஓட்டங்களையும் தட்டையான ஆடுகளத்தில் எடுத்த 40 ஓட்டங்களையும் ஒரே தராசில் வைப்பவரை ரசிகர்களே ஏற்கமாட்டார்கள். படகு இசைக்கும் அந்த நியாயம் வேண்டும். படகு ஒரு கடினமான ஆடுகளம். அதில் தாக்குப்பிடிக்கும் குழுவுக்கு அரங்கக் கலைஞருக்குத் தேவைப்படாத சில திறமைகள் தேவை. அந்தத் திறமைகளை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். இதற்கு உலகிலேயே வலுவான சான்று மிசிசிப்பி ஆற்றில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருக்கிறது.

அந்த நகரின் டூலூஸ் தெருப் படகுத்துறையிலிருந்து புறப்படும் ஸ்டீம்போட் நாட்செஸ், அந்தப் பெயர் தாங்கிய ஒன்பதாவது கப்பல். 1975இல் கட்டப்பட்டது. அதன் நீராவி எந்திரங்கள் அதைவிட மூத்தவை. 1925இல் கட்டப்பட்ட 'கிளேர்டன்' என்ற இழுவைக் கப்பலிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. கப்பலின் பின்புறம் மரத்தாலும் எஃகாலும் ஆன பெரிய துடுப்புச் சக்கரம் தண்ணீரை அறைந்துகொண்டே சுழலும். மாலை உலா வழக்கமாக 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியும். இரண்டு பந்தியாகச் சாப்பாடு, கூடவே ஜாஸ். டியூக்ஸ் ஆஃப் டிக்ஸிலேண்ட் என்ற புகழ்பெற்ற குழு நெடுங்காலம் இங்கே வாசித்திருக்கிறது. டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்பது இந்த மரபின் வழக்கமான அணி. சுற்றுலா விளம்பரத்தில் இது வெறும் பொழுதுபோக்கு. வாசிப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் இது வேறு ஆட்டம்.

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம். அரங்கில் சுவரும் கூரையும் கலைஞருக்குத் துணை நிற்கின்றன. கருவியிலிருந்து புறப்பட்ட ஒலி அவற்றில் பட்டுத் திரும்பி, கடைசி வரிசைக்கும் கனம் குறையாமல் போய்ச் சேர்கிறது. திறந்த தளத்தில் அந்தத் துணை கிடையாது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் இறங்கும். காற்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டு போகும். எந்திரமும் சக்கரமும் எழுப்பும் அடிச்சுருதி இரைச்சல் பேஸ் வாசிப்பவரின் இடத்தை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். இந்த நிலையில் நுணுக்கமான மெல்லொலியை நம்பி ஆடும் குழு பத்தே நிமிடத்தில் காணாமல் போய்விடும். கூர்மையான தொடக்கம் கொண்ட ஒலிதான் இங்கே தப்பிப் பிழைக்கும். டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ள, கிளாரினெட் அதற்கு மேலே ஓட, டிராம்போன் கீழே சறுக்கிச் சறுக்கித் தாங்க, மூவரும் ஒருவர் இடத்தில் ஒருவர் மிதிக்காமல் வாசிக்கும் நியூ ஆர்லியன்ஸ் முறை, ஊர்வலமும் தெருவுமாகத் திறந்த வெளியில் வளர்ந்த முறை. அதைப் படகில் கேட்கும்போது "சத்தமாக இருக்கிறது" என்று குறை சொல்பவர், மூன்று குரல்களும் இரைச்சலுக்கு நடுவே தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். கேட்டால் அந்தக் குழு தன் முதல் தேர்வில் தேறிவிட்டது.

இரண்டாவது, சுருதி. சூரியன் இறங்கும்போது காற்றும் குளிர்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும்; அதனால் ஊதுகருவியின் சுருதி கீழே இறங்கும். வாசித்துக்கொண்டே இருந்தால் மூச்சின் சூடு கருவியைக் காப்பாற்றும். தன் முறைக்காக ஓரிரு நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் அது ஆறிவிடும். கம்பி பூட்டிய பேஞ்சோ இதற்கு நேர் எதிர். குளிரில் கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். ஆக, கரையில் சேர்த்த சுருதி ஆற்றின் நடுவில் இரண்டு திசையில் பிரிந்து போகிறது. பியானோவை நடுவழியில் சுருதி சேர்க்க வழியில்லை என்பதால் மற்றவர்கள்தான் காதாலும் உதட்டாலும் நொடிக்கு நொடி சரிசெய்து, அதோடு ஒட்டிப்போக வேண்டும். இதைக் கேட்பவர் கவனிப்பதே இல்லை என்பதுதான் அவர்கள் அதைச் சரியாகச் செய்கிறார்கள் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, நேரம். ஜூன் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் சூரியன் மறைவது இரவு 8 மணியை ஒட்டி. டிசம்பர் தொடக்கத்திலோ மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். 7 மணிக்குக் கிளம்பும் படகுக்குக் கோடையில் அந்தி பயணத்தின் நடுவில் வருகிறது. குளிர்காலத்தில் வருவதே இல்லை. ஒரே மேடைக்கு இரண்டு வியூகம் வேண்டும் என்று பொருள். கோடையில் சரியாகப் பாதி வழியில் கேட்பவர்கள் எழுந்து கைப்பிடிக் கம்பி ஓரம் போய்விடுவார்கள். அந்த நகரமே ஆற்றின் பிறை வடிவ வளைவில் அமைந்தது. படகு வளைய வளைய மேற்குத் திசை இடமும் வலமுமாக மாறும், கூட்டமும் கூடவே நகரும். போதாததற்கு முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காரும். தொடங்கும்போது இருந்த சபை முடியும்போது இருக்காது. அந்தி நேரத்தில் விறுவிறுப்பான உருப்படியைப் போட்டு வானத்தோடு போட்டி போடும் குழு தோற்கும். அப்போது மெதுவான ஒரு புளூஸை எடுத்து, பார்க்கிற கண்ணுக்கு இடம் விட்டு, வெளிச்சம் போனதும் காலப்பிரமாணத்தை உயர்த்திக் கூட்டத்தைத் திரும்ப அழைக்கும் குழு ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த குழு. சூரியன் மறைந்தபின் அடுத்த இரண்டு உருப்படிகளுக்குள் எத்தனை பேர் இசைக்குத் திரும்புகிறார்கள் என்பது கைத்தட்டலைவிட நம்பகமான அளவுகோல். நடு ஆற்றில் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத சபையின் கைத்தட்டலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இந்தச் சூழல் கலைஞர்களைச் செதுக்கும் என்பதற்கு வரலாறு சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேப்டன் ஜான் ஸ்ட்ரெக்ஃபஸின் குடும்பம் சரக்குப் போக்குவரத்தை விட்டு நடன உலாப் படகுகளுக்கு மாறியது. கென்டக்கி மாநிலத்தின் பாடூகாவில் 1890இல் பிறந்த ஃபேட் மராபிள் 1907இல் அவர்களிடம் சேர்ந்தார். பியானோவோடு கலையோப்பியும் வாசித்தார். நீராவி விசில்களை விசைப்பலகையால் ஊதவைக்கும் கருவி அது. 1855இல் காப்புரிமை பெற்றது. மைல் கணக்கில் கேட்கும். விசைகள் சூடேறும் என்பதால் கையுறை போட்டு வாசிக்க வேண்டும். நாட்செஸின் மேல்தளத்தில் இன்றும் 32 சுரங்கள் கொண்ட ஒன்று இருக்கிறது. 1918இல் மராபிள் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்களைத் திரட்டி 'சிட்னி' படகில் ஒரு குழு அமைத்தார். அதில் சேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 20 வயது நிரம்பவில்லை. 1921 வரை அவர் அந்தப் படகுகளில் வாசித்தார். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அதே குழுவில் மெல்லோஃபோன் வாசித்த டேவிட் ஜோன்ஸ். டிரம்ஸில் பேபி டாட்ஸ், பேஸில் பாப்ஸ் ஃபாஸ்டர், பேஞ்சோவில் ஜானி செயின்ட் சிர் என அந்த அணியின் பட்டியலே ஜாஸ் வரலாற்றின் முதல் அத்தியாயம். பின்னாளில் ஜிம்மி பிளாண்டனும் கிளார்க் டெர்ரியும் மராபிளின் கையில் பழகியவர்கள். மனோதர்மம் கைவந்த இளைஞர்களுக்குக் குறிப்பு வாசிப்பு, ஒத்திகை ஒழுங்கு, ஆடுபவரின் காலைக் கவனித்து வாசிக்கும் பழக்கம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த இடம் வேறெங்கும் அன்று எளிதில் கிடைக்கவில்லை.

நீர்மேல் இசை தன் வடிவத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது ஜாஸுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1717 ஜூலை 17 மாலை, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ் தேம்ஸ் ஆற்றில் வைட்ஹாலிலிருந்து செல்சி நோக்கிப் படகில் போனபோது, பக்கத்துப் படகில் சுமார் 50 கலைஞர்கள் ஹேண்டல் அமைத்த இசையை வாசித்தார்கள். மன்னர் அதை மூன்று முறை வாசிக்கச் செய்தார். வயலின்களோடு நிற்காமல் டிரம்பெட், ஹார்ன், ஓபோ, பசூன் என்று வெளியில் பேசத் தெரிந்த கருவிகளை அதில் ஹேண்டல் சேர்த்திருந்தார். காரணம் இங்கும் அதேதான்: கூரை இல்லாத இடத்தில் கூரையின் வேலையைக் கருவித் தேர்வு செய்ய வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். படகில் தினமும் அதே பத்துப் பாடல்கள்தான், சுற்றுலாப் பயணிக்குத் தெரிந்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பார்கள். பாடல் பட்டியல் குறுகியது என்பது உண்மை. ஆனால் ஜாஸில் பாடல் ஒரு களம் மட்டுமே. அதன்மேல் இன்றைக்கு என்ன கட்டுகிறார் என்பதில்தான் கலைஞரின் தகுதி தெரியும். நேற்று வாசித்த தனியை இன்றும் எழுத்து மாறாமல் ஒப்பிப்பவரைத் தயங்காமல் குறை சொல்லலாம். அதே பாடலில் புதிய வழி காண்பவரைப் பாடலின் பழமைக்காகத் தள்ளிவிட முடியாது. இன்னொரு வாதம், இந்தக் குழுக்கள் அவ்வளவு சிறந்தவை என்றால் இசைத்தட்டில் ஏன் தெரியவில்லை என்பது. மராபிள் குழுவின் பதிவாக நமக்குக் கிடைப்பது 1924இல் ஓக்கே நிறுவனம் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த ஒரே ஒரு தட்டின் இரண்டு பக்கங்கள். அவற்றைக் கேட்டுப் பெரிதாக வியந்தவர்கள் குறைவு. தளத்தில் ஆடுபவர்கள் இல்லை, ஆறு இல்லை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். வலைப்பயிற்சியைப் பார்த்து ஆட்டக்காரரைத் தீர்மானிக்க முடியாது என்பதைத்தான் அந்தத் தட்டு நிரூபிக்கிறது.

கனமான எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. அவற்றை மழுப்பக் கூடாது. ஒன்று, முதலாளியின் பிடி. ஸ்ட்ரெக்ஃபஸ் குடும்பத்தினர் ஒத்திகையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து காலப்பிரமாணத்தைக் கண்காணித்தார்கள். ஆடுபவர்களுக்கு எது வசதியோ அதுவே சட்டம். வாசிக்கும் பாணியை மாற்றச் சொன்னதில் ஏற்பட்ட மனத்தாங்கலில் 1921இல் பேபி டாட்ஸ் விலகினார்; ஆம்ஸ்ட்ராங்கும் அந்த ஆண்டே வெளியேறினார். ஒழுங்கு வளர்த்த கலைஞனை அந்த ஒழுங்கே ஒரு கட்டத்தில் நெரித்தது. இரண்டாவது அதைவிடக் கசப்பானது. அந்தப் படகுகளில் இன ஒதுக்கல் இருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், தளத்தில் ஆடியவர்கள் வெள்ளையர்கள். செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்களுக்கென்று திங்கட்கிழமை இரவு தனியாக ஒதுக்கப்பட்டது. தன் இனத்தாருக்கு முன்னால் வாசிக்க வாரத்தில் ஒரு நாள் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆகவே படகுதான் ஜாஸை வளர்த்தது என்று சொல்லிப் படகுக்காரருக்கு மாலை போடுவது தவறு. நெருக்கடியான இடத்தில் உயர்ந்த தரத்தை எட்டிய கலைஞர்களுக்குத்தான் அந்தப் புகழ் முழுவதும் சேர வேண்டும். என் வாதம் இதனால் பலவீனமாகவில்லை. ஆடுகளம் எவ்வளவு கடினமானது என்பதற்கு இது இன்னும் ஒரு சான்று.

ஒலிபெருக்கி வந்தபின் இந்தக் கடினம் எல்லாம் பழங்கதை என்போரும் உண்டு. பெருக்கி தூரத்தை வெல்லும், சமநிலையைத் தராது. ஒலி கூடக்கூடச் சாப்பாட்டு மேசைகளில் பேச்சும் உரக்கும். அதற்கு ஈடாகப் பெருக்கியை மேலும் திருகுவார்கள். முடிவில் இரண்டும் கேட்காது. நல்ல குழு இந்தச் சுழலுக்குள் போகாது. அளவைக் குறைத்து, ஒற்றைக் கிளாரினெட்டை மட்டும் விட்டு, மேசைகளை அமைதிப்படுத்தும். இது எந்தக் கருவியும் செய்து தராத வேலை.

எனவே என் தீர்ப்பு தெளிவானது. படகுக் குழுவை நான்கு கேள்விகளால் அளக்கலாம். இரைச்சலுக்கு நடுவே குரல்கள் பிரிந்து கேட்டனவா? பயணத்தின் கடைசிப் பாதியிலும் சுருதி சேர்ந்திருந்ததா? அந்தி வேளைக்கு இடம் விட்டு, பிறகு கூட்டத்தை மீட்டார்களா? தெரிந்த பாடலில் தெரியாத வழி ஒன்றாவது காட்டினார்களா? நான்கிலும் தேறிய குழு எந்த அரங்கக் குழுவுக்கும் இளைத்ததல்ல. படகு நடத்துபவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது: விளம்பரத்தில் படகின் படத்தோடு கலைஞர்களின் பெயர்களையும் போடுங்கள், பாடல் பட்டியலைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடம் விடுங்கள், சூரியன் மறையும் கால் மணி நேரமாவது பரிமாறுவதை நிறுத்துங்கள். செய்தித்தாள்கள் ஒரு விமர்சகரைப் படகில் ஏற்றட்டும். ஆம்ஸ்ட்ராங்கைப் பழக்கிய மேடைக்கு இந்த மரியாதை நூறு ஆண்டுகளாகப் பாக்கி இருக்கிறது.