தெருவுக்கும் காலனிக்கும் நடுவே

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த மேல்சித்தாமூரில், பார்சுவநாதர் ஆலயத்துக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறவனுக்குப் ‘பள்ளி’ என்ற சொல்லின் பூர்வ கதை நினைவுக்கு வராமற் போகாது. சமண முனிவர் தங்கிய இடத்துக்கே பள்ளி என்று பெயர். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்ததனால் கல்விக்கூடம் அப்பெயரை ஏற்றது என்பர். அவர்கள் போற்றிய நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் உண்டு, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம் தரும் அபய தானமும் உண்டு. இன்றைய பள்ளி முன்னதை வைத்துக்கொண்டு, பின்னதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டுவிட்டது.

இந்த வட்டாரம் கலகம் காணாததன்று. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டதும், 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கோரி வன்னியர் ஒரு வார காலம் சாலை மறித்ததும், 2013 ஏப்ரலில் மரக்காணம் எரிந்ததும், 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்ததும் காரணத்தால் வேறுவேறு. அவற்றை ஒரே தட்டில் நிறுத்துவது பிழை. ஆயினும் பஸ் வராத காலையில் வீட்டிலேயே நிறுத்தப்படும் பிள்ளைக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது. அவன் திரும்பி வரும்போது பெஞ்சில் பக்கத்து இடம் காலியாயிருக்கும். அவ்வளவே அவனறிந்த சரித்திரம்.

2023 ஆகஸ்டில் தெற்கே நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பின், அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிற்றை விலக்கச் சொன்னதோடு, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் ‘சமூக நீதி மாணவர் படை’ அமைத்துச் சீருடையும் பயிற்சியும் தரவும் யோசனை கூறிற்று. மாணவனைச் சமாதானத்தின் கருவியாக்கும் இம்முறையை எடைபோடுவது அவசியம்.

இதன் பலம் அற்பமானதன்று. யார் யாரோடு சத்துணவுத் தட்டை ஏந்தி உட்காருவதில்லை, எந்தக் கயிறு எந்தத் தெருவுடையது என்பதெல்லாம் தலைமையாசிரியர் அறியுமுன் பிள்ளைகள் அறிவர். திண்டிவனம் சாலையில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். திருவிழாத் தகராறில் தெருப்பையன் ஒருவனும் காலனிப்பையன் ஒருவனும் பேச்சை விட்டபோது, மூன்றாமவன் ஒருவன் இவனுடைய கணக்கு நோட்டைத் தன் டிபன் பையில் மறைத்து அவனிடமும், அவனுடையதை இவனிடமும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தான். சமாதானக் கமிட்டி கூடி டீ குடித்துக் கலைந்த வேளையில், உண்மையில் நடந்த சமாதானம் அந்தப் பைக்குள் நடந்தது. நான்காம் நாள் டீக்கடை வாசலில் அந்த மூன்றாமவனை அவன் தெருப் பெரியவர் கேட்டார்: “நீ யார் பக்கம்டா?” நோட்டு நின்றுபோயிற்று.

குறை இங்கேதான் தெரிகிறது. கோயில் மரியாதைக்கும் நிலத்துக்கும் பெரியவர் மூட்டிய பகையை அணைக்கும் பாரத்தைப் பதினான்கு வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, அவன் வீடு திரும்பும் வழியில் அவனுக்குத் துணை யாரென்று கேளாதிருப்பது தர்மமன்று. ‘படை’ என்ற பெயரும் எனக்கு உவப்பில்லை. சீருடை மாட்டியவனிடம் எவன் மனம்விட்டுப் பேசுவான்? இன்னொரு குறை இதனினும் கடியது. அடித்தவனையும் அடிபட்டவனையும் சமமாக நிறுத்திக் கைகுலுக்க வைத்துவிட்டால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி விசாரிக்க வேண்டிய குற்றம் பிள்ளை விளையாட்டாய்ச் சுருங்கிப்போகும். சமரசம் பிணக்குக்குத்தான், கொடுமைக்குச் சமரசமில்லை.

ஆகவே அவ்வறிக்கையில் நான் பெரிதாக மதிப்பது படையை அன்று. அந்தந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியாரை அங்கே தலைமையாசிரியராக அமர்த்தலாகாதென்ற பரிந்துரையையே. பின்னால் பட்சபாதமற்ற பெரியவர் ஒருவர் நிற்கிறாரென்று தெரிந்தால்தான் பிள்ளை இரண்டு தெருவுக்கும் நடுவே நடப்பான்.

அந்த நோட்டு என்னவாயிற்று என்றால், பத்து நாள் கழித்துத்தான் காலனிக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு வாத்தியார் தம் சைக்கிள் கேரியரில் எல்லாரும் காண வைத்து, டீக்கடை வழியாகவே கொண்டுபோனார்.