வாக்குமூலமா, வழக்காடலா?
தலித் தன்வரலாறு யார் முன்னால் பேசுகிறது

தலித்துகள் தங்கள் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேராசிரியர் சொல்கிறார், பதிப்பாளர் சொல்கிறார், ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர் சொல்கிறார். எழுதலாம். ஆனால் யாருக்கு எழுதுவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வாசகர் இடத்தில் தாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. நாம் நிற்பது சாட்சிக் கூண்டு, அவர்கள் இருப்பது நீதிபதி நாற்காலி. பட்ட அடியைச் சொல்லு, பட்ட அவமானத்தைச் சொல்லு, நாங்க கண்ணீர் விடறோம் என்பதுதான் ஏற்பாடு. கண்ணீர் விட்டவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். சொன்னவர் சேரிக்குத்தான் திரும்ப வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வாக்குமூலம் என்று பெயர் வைக்கலாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இது புதுச் சொல் அல்ல. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி விடுதலைச் சான்று வாங்க, அதிகாரியின் முன்னால் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். முன்பணம் எவ்வளவு, எத்தனை வருசம், வெளியே போக விட்டார்களா? கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ராத்திரி சூளைமேட்டில் சொன்ன கதை, முதலாளியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எதுவும் அந்தத் தாளில் ஏறாது. ஏற வேண்டியதும் இல்லை. அந்தத் தாளின் வேலை சான்று வாங்கித் தருவது. நம் இலக்கியமும் அதே படிவத்தையா நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்?

வெளியாளுக்கு எழுதுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கர் 1930களில் எழுதி, அவர் மறைந்த பிறகு 1990இல் சிறு நூலாக வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' வெளியாளுக்கு எழுதப்பட்டதுதான். தீண்டாமை பற்றிக் கேள்விப்பட்டும் அதன் கொடுமை புரியாத அந்நியர்களுக்கு அதை விளங்கவைப்பதே நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கோரேகானுக்குப் போன மாட்டு வண்டிப் பயணம், பரோடாவில் பார்சி விடுதி, தௌலதாபாத் கோட்டைக் குளம் என்று வரிசையாக வைக்கிறார். ஒப்பாரி இல்லை. ஒரு வழக்கறிஞர் ஆவணங்களை அடுக்குவது மாதிரி. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசியதால்தான் அந்தச் சில பக்கங்களுக்கு அத்தனை பலம்.

அதற்கு முன்பே நம்மவர்கள் உள்ளுக்குள்ளே பேசிக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் வாதம். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். ஒரு பைசா கொடுக்க முடிந்தவன் எவனோ அவன்தான் வாசகன் என்று முகப்பிலேயே எழுதி ஒட்டியாயிற்று. அடுத்த வருசமே அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய நம் சனங்கள் அதைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள், சாக்கிய பௌத்த சங்கக் கிளைகளை அங்கே நடத்தினார்கள். ஆலைத் தொழிலாளிக்கு வாசிப்பு எட்டாது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த இரண்டு வழியும் மோதிக்கொண்ட இடம் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்தது. மொழி ஊர்மொழி, நம்ம வாய்மொழி. ஆனால் அதைக் கொண்டாடியவர்களில் பெரும்பகுதி வெளியாட்கள். 2000இல் ஆங்கிலம் போனது, பரிசு வாங்கியது, பாடத்திட்டம் ஏறியது. சொந்த ஊரில் நடந்தது வேறு. எங்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று ஊர்க்காரர்கள் கோபித்து, சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாத நிலை வந்ததைப் பாமாவே சொல்லியிருக்கிறார். பிறகு இளைஞர்கள் படித்து விளக்க, ஊர் அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது.

இந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர்களின் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கருக்கு' பெற்ற முதல் விமர்சனமே அதுதான். "எங்க கதைய எங்களக் கேக்காம யாரு கிட்ட சொன்னே?" என்பதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தக் கருத்தரங்கில் கேட்டிருக்கிறோம்? புதுச்சேரிப் பக்கத்து வீரம்மா தன் வாழ்க்கையைத் தமிழில்தான் ஜோசியான் ரசினிடம் சொன்னார். அது புத்தகமாக முதலில் வந்தது 1995இல், பிரெஞ்சில். அவர் தெருவில் அதை யார் படித்திருக்க முடியும்?

சிவகாமி செய்ததை நம் விமர்சனம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. 1989இல் வந்த 'பழையன கழிதலும்' நாவலில், ஆதிக்க சாதிக்காரனால் சீரழிக்கப்பட்டு அடிபட்ட தங்கம், நியாயம் கேட்டுக் காத்தமுத்துவிடம் வருகிறாள். அவளுக்காக வழக்காடும் தலித் தலைவரான அவரே அவளைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். படித்த மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் தலைவரை இப்படிக் காட்டினால் யாருக்கு லாபம் என்ற கேள்வி எழுந்தது. சிவகாமி நாவலைத் திரும்பப் பெறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலே எழுதினார். நாவலை எழுதியவள் ஊருக்குத் திரும்பிப்போய், தான் எழுதியதில் எது நிஜம், எது தன் வசதிக்குச் சேர்த்தது என்று தன்னையே விசாரிக்கிறாள். வாக்குமூலம் கொடுத்தவள் கூண்டை விட்டு இறங்கி வழக்காட வந்துவிட்டாள். தமிழில் இப்படித் தன் நூலின் மீதே வழக்குத் தொடுத்த எழுத்தாளர் எத்தனை பேர்?

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. கேள்வி கேட்பவள் இங்கேயும் படித்த மகள்தான். நாவலைத் தங்கத்துக்குப் படித்துக் காட்டியிருந்தால் அவள் இன்னா கேட்டிருப்பாள்? 'என் ஒடம்புல பட்ட அடிய எழுதுன, சரி. நான் எப்படிப் பொழச்சேன்னு எத்தினி பக்கம் எழுதுன?' என்று கேட்டிருக்கமாட்டாளா?

இந்தக் கேள்வியோடு கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் உருக்காலைகளில் காண்ட்ராக்டில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். டைரியில், நோட்டில், ராத்திரி ஷிப்ட் முடிந்து. சிலவற்றை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ரெட்டைக் குவளை, ஊர்த்தெரு, பள்ளிக்கூட அவமானம் என்றே போகிறது. அவை பொய்யில்லை. ஆனால் புத்தகங்கள் எதைக் கேட்டு வாங்கினவோ அதையே இவர்களும் கொடுக்கிறார்கள். இங்கே சாதி எப்படி நடமாடுகிறது? மேஸ்திரி 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்கிற கேள்வியில். காலனி என்ற ஒரு சொல் அட்ரஸில் இருந்தால் உலைப்பக்கமா, ஆபீஸ் பக்கமா என்று முடிவாவதில். இதை நோட்டில் காணோம்.

பக்கத்தில் நின்று வேலை செய்கிறவளுக்கு எழுதிப் பாருங்கள். எழுத்தே மாறிவிடும். நாம கஷ்டப்படறோம் என்று அவளுக்குச் சொல்ல முடியாது, அது அவளுக்குத் தெரியும். பி.எஃப். பிடித்த காசு கணக்கில் ஏறியதா, நம்ம ஆம்பிளைங்க சம்பளத்த எங்க கொண்டுபோய்க் கொட்டறாங்க, நமக்குள்ளேயே பறையர், சக்கிலியர், இருளர் என்று யார் யாரை எட்ட நிற்க வைக்கிறோம் என்றுதான் எழுத வேண்டிவரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் அடைந்து கிடக்கிறவர்களில் தங்கள் ஊர்ச் சேரிகளை விட்டு வந்தவர்களும் உண்டு. நம் எழுத்து அவர்களுக்குத் தெரியாது, வாயால் சொன்னால் பாதியாவது புரியும்.

ஆபத்தும் உண்டு. பக்கத்தில் இருக்கிற வாசகருக்குப் பக்கத்திலேயே சூப்பர்வைசரும் இருக்கிறான். நோட்டு அவன் கைக்குப் போனால் மறுநாள் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். பேராசிரியர் கண்ணீருக்காக எழுதினால் அந்தப் பயம் இல்லை. பயம் இல்லாததற்குக் காரணம், அந்த எழுத்தால் இங்கே யாருக்கும் எந்த நட்டமும் இல்லை என்பதுதான். ஆகவே பெயரை மறைக்க வேண்டிய இடத்தில் மறைப்போம், கூட்டாக எழுதுவோம். ஒருத்தர் 'நான்' என்று எழுதியதைப் பத்துப் பேர் 'நாங்க' என்று சொன்னால் யாரை வெளியே நிறுத்துவான்?

வெளியாள் படிக்கட்டும், மொழிபெயர்க்கட்டும், பாடமாக வைக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் இரண்டாவது வாசகர். முதல் வாசகர் தெருவில் இருக்கிறார். கோபப்படுவார், 'இது பொய்' என்பார், 'இத்த வுட்டுட்டியே' என்பார். அந்தச் சண்டையைத் தாங்கிய பக்கங்கள் போதும் நமக்கு. அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் நம் எழுத்து ஒரு தடவை சேரிக்குப் போகட்டும்.